கடைமடைப் பள்ளிகளின் கணினிகளைக் கட்டவிழ்ப்போம்

தோழர்களே,

துணி போர்த்தி வைத்த கணினிகளைப் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு இதை எழுதுகிறேன். நம் வட்டாரத்துப் பள்ளி ஒன்று. பெயர் சொல்லவில்லை, சொன்னால் அந்தப் பள்ளியின் குறைபோல ஆகிவிடும், இது அவர்கள் குறை இல்லை. 12 கணினிகள். 10-ஐத் தட்டியதும் திரை வந்தது. இரண்டில்தான் ஏதோ கோளாறு. ஆனாலும் அந்த அறையையே கைவிடும் பேச்சு நடக்கிறது. "புது விண்டோஸ் இதுல ஏறாதாம் சார். பழசுக்கு அப்டேட் நின்னுபோச்சு. கண்டம் பண்ணிடுவாங்கன்னு நினைக்கிறேன்" என்றார் பொறுப்பு ஆசிரியை. அவர் பின்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, மவுஸைத் தொடலாமா என்று கண்ணாலேயே கேட்டபடி நின்றாள்.

அந்த ஆசிரியை சொன்னது உண்மைதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. பணம் கட்டினால் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம், அவ்வளவே. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் கணினிக்குள் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அது சந்தைக்கு வந்தது 2017-இல். அரசுப் பள்ளிக்கு வந்து சேரும் கணினிகளின் வயது என்ன என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த 10 கணினிகளில் எதுவும் கெட்டுப்போகவில்லை. செயலி ஓடுகிறது, மெமரி இருக்கிறது, திரை பளிச்சென்று வருகிறது. காலாவதியானது எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் அனுமதி மட்டும். அந்த அனுமதிக்காக மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய பொருளை நாம் குப்பையில் போடப்போகிறோமா? ஒருமுறை பதிவேட்டில் 'கண்டம்', அதாவது பயனற்றது, என்று ஏறிவிட்டால் அந்தப் பெட்டிகளை ஸ்டோர் ரூமிலிருந்து மீட்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்பது அரசுப் பணியில் இருக்கும் தோழர்களுக்குத் தெரியும். அந்தக் 'கண்டம்' பதிவேட்டில் ஏறுவதற்கு முன்னால் நாம் அங்கே போய் நிற்க வேண்டும். அவசரம் என்று நான் சொல்வது இதைத்தான்.

நாம் கடைமடைக்காரர்கள். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கு என்று ஒதுக்கியது 7 டி.எம்.சி. அது காரைக்காலுக்கு வந்து சேர வேண்டிய தண்ணீர். மேலே எத்தனை அணை, எத்தனை மதகு, ஒவ்வொன்றின் சாவியும் யார் கையில் என்று கணக்கு வைத்து வாழ்ந்த சனம் நாம். குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று வானத்தைப் பார்த்தவர்களைவிட, மதகுக்காரர் முகத்தைப் பார்த்தவர்களே நம்மில் அதிகம். ஆகவே ஒரு கேள்வியை மற்ற ஊர்க்காரர்களைவிட நாம் வேகமாகக் கேட்க வேண்டும்: நம் பிள்ளைகளின் கணினி அறைக்கு மதகுச் சாவி யாரிடம் இருக்கிறது?

வெறும் பயமுறுத்தல் என்று நினைக்காதீர்கள். 2025 ஜூலையில் நம் நாட்டிலேயே நடந்ததைப் பாருங்கள். குஜராத்தின் வாடினாரில் மாபெரும் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்குப் பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அதன்மேல் தடை விதித்தது. உடனே அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலும் மற்ற சேவைகளும் மைக்ரோசாப்டால் முடக்கப்பட்டன. காசு கொடுத்து வாங்கிய சேவை. இந்தியச் சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு சில நாட்களில் சேவை திரும்பியது. அவ்வளவு பெரிய ஆலைக்கு வக்கீல் இருந்தார்கள். நம் பள்ளித் தலைமை ஆசிரியர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

மதகுச் சாவியை நம் கைக்கே கொண்டுவருவது கட்டற்ற மென்பொருள். அப்படியென்றால் இலவச மென்பொருள் என்றே பலரும் நினைக்கிறார்கள். இலவசம் என்பது அதன் சின்னப் பகுதி. நமக்குப் புரியும்படி சொல்வதானால் திருத்துறைப்பூண்டி பக்கம் போக வேண்டும். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழா நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் என்று மறைந்துகொண்டிருந்த பாரம்பரிய ரகங்களை ஒவ்வொன்றாகத் தேடி மீட்டவர் அவர். அவை 174. திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் கொடுப்பார். விலை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது இன்னும் இருவருக்குப் போகும். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். விதை மறையவில்லை, இன்றும் வயலில் நிற்கிறது.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தபோது கணினிக்குக் கொண்டுவந்ததும் இதே ஏற்பாட்டைத்தான். மென்பொருளை எடுத்துக்கொள், எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்து, உள்ளே பிரித்துப் பார், உன் மண்ணுக்கு ஏற்ப மாற்று, அண்டை வீட்டுக்காரருக்குக் கொடு. மாற்றியதைப் பிறருக்குத் தரும்போது நீ பெற்ற உரிமைகள் அத்தனையையும் சேர்த்தே கொடு. குனு பொது உரிமத்தின் சாரம் அதுவே. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரலும் (விண்டோஸுக்கு மாற்றாக நாம் ஏற்றும் இயங்குதளத்தின் மையம்) அடுத்த ஆண்டே இந்த உரிமத்தின்கீழ் வந்தது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவது அந்தக் கருநிரல்தான். படம் பார்க்க நாம் எல்லோரும் தட்டும் ஆரஞ்சுக் கூம்பு இருக்கிறதே, வி.எல்.சி., அதுவும் கட்டற்ற மென்பொருள். 1996-இல் பாரிஸை ஒட்டிய கல்லூரி ஒன்றின் மாணவர்கள் தங்கள் விடுதிக்காகத் தொடங்கியது. நாம் ஏற்கெனவே இந்த வயலில்தான் நிற்கிறோம், பெயர்தான் தெரியாமல் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் இதன் பொருள் வேறு எங்கும் இல்லாத அளவு பெரிது. ஒரு பிள்ளை "இது எப்படி ஓடுது?" என்று கேட்டால், பூட்டிய மென்பொருளை வைத்திருக்கும் ஆசிரியர் "அதைப் பார்க்க நமக்கு உரிமை இல்லை" என்றுதான் சொல்ல முடியும். அறிவியல் வகுப்பில் தவளையின் படத்தைக் காட்டிவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடாது என்பதுபோல அது. டக்ஸ் பெயின்ட் என்ற வரையும் செயலியில் முதல் வகுப்புக் குழந்தை விளையாடும். அதே செயலியின் நிரலை அவள் அக்கா பதினொன்றாம் வகுப்பில் திறந்து படிக்கலாம். அதன் தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிழையாக இருந்தால் திருத்தி அனுப்பலாம். அது ஏற்கப்பட்டால் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் அதே சொல் திரையில் வரும். நம் அம்பகரத்தூரிலிருந்து ஒரு பிள்ளையின் திருத்தம் உலகத்துக்குப் போகும் என்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இப்போது பாடநூலுக்கு வருவோம். 2023-24 தொடங்கி நம் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறின. அந்த மாற்றம் சரியா தவறா என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு, எனக்கும் வருத்தம் உண்டு. அது வேறு நாள் பேச்சு. ஆனால் அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் சொல்லித்தருவது லிப்ரே ஆபிஸ். பதினொன்று, பன்னிரண்டில் கணினி அறிவியல் என்றால் பைத்தான், மை எஸ்.கியூ.எல். எல்லாமே கட்டற்ற மென்பொருள். எல்லைக்கு அந்தப் பக்கம் பூந்தோட்டத்திலும் பேரளத்திலும் பிள்ளைகள் படிக்கும் தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஓப்பன் ஆபிஸ் இருக்கிறது, உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பு இருக்கிறது. புத்தகம் திறந்துவிட்டது தோழர்களே. அறையின் பூட்டு மட்டும் திறக்கவில்லை.

கொள்கையும் நம் பக்கம்தான். பள்ளிக் கல்வியில் தகவல் தொழில்நுட்பத்துக்கான 2012-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. ஒன்றிய அரசின் 2015-ஆம் ஆண்டுத் திறமூலக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போய், கட்டற்ற மென்பொருளை விலக்கினால் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்கிறது. ஆகவே நாம் சலுகை கேட்கப் போகவில்லை. எழுதி வைத்திருப்பதைச் செய்யச் சொல்லப் போகிறோம்.

ஆனால் கொள்கை மட்டும் இருந்தால் காரியம் நடக்காது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2006 வாக்கில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக வந்த சி. உமாசங்கர், அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். தானே முதலில் பழகிக்கொண்டு, பிறகு ஊழியர்களைப் பழக்கினார். பள்ளிகளுக்குப் போகும் கணினிகளிலும் லினக்ஸ் வந்தது. நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசினார்கள். 2008-இல் அவர் அந்தப் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். வேகம் தளர்ந்தது. 2011-இல் இலவச மடிக்கணினித் திட்டம் வந்தபோது பெட்டிக்குள் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனை பிள்ளைகள் அந்த இரண்டாவது வாசலைத் திறந்தார்கள்? எனக்குத் தெரிந்த வீடுகளில் ஒருவரும் இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வாசல் எங்கே போகிறது என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆசிரியர் இல்லை.

கேரளத்தில் நடந்தது வேறு. 2001-இல் அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியபோது அதுவும் ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சுற்றித்தான் எழுந்தது. எதிர்த்து நின்றது யார் தெரியுமா? ஆசிரியர் சங்கம். பாடநூல் ஒரு கம்பெனியின் விளம்பரம் ஆகக்கூடாது என்று கேட்டார்கள். அதே 2001-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் தோழர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள். கேட்டதோடு நிற்கவில்லை; தாங்களே உட்கார்ந்து படித்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், பள்ளிக்கு என்றே தனி லினக்ஸ் பதிப்பை உருவாக்கினார்கள். 2010-க்குள் பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வு முழுவதும் லினக்ஸில் நடந்தது. ஆட்சிகள் மாறி மாறி வந்தன; கணினி அறை மாறவில்லை. 2017-இல் அத்திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. 2018 முதல் 45,000 வகுப்பறைகளைக் கணினிமயமாக்கியபோது அத்தனையிலும் கட்டற்ற மென்பொருளே ஏறியது. 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்கள் இன்று 2,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் இருக்கின்றன; சக மாணவருக்கும் தாய்மாருக்கும் கணினி சொல்லித்தருவது அந்தப் பிள்ளைகள்தாம். இதனால் மிச்சமான தொகை 3,000 கோடி ரூபாய் என்று கைட் சொல்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு துண்டுகளில் ஒன்றான மாஹே நெடுங்காலம் கேரளப் பாடத்திட்டத்தில்தான் இருந்தது. நம்முடைய அதே கல்வித்துறை, அதே சட்டமன்றம். மாஹேப் பிள்ளைகள் லினக்ஸில் தேர்வு எழுதிய ஆண்டுகளில் காரைக்கால் பிள்ளைகள் விண்டோஸுக்கு லைசென்ஸ் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கணினிகளின் முன் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே "நம்ம யூனியன் டெரிட்டரிக்கு இது சரிவராது" என்று யாராவது சொன்னால், மாஹேயைக் காட்டுங்கள்.

ஓர் அதிகாரியின் தோளில் நின்றது அவர் நகர்ந்ததும் தளர்ந்தது. ஆசிரியர்களின் தோளில் நின்றது இன்றும் நிற்கிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தை அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

தடைகள் இல்லை என்று சொல்லமாட்டேன். பழைய பிரின்டர் ஒன்று முரண்டு பிடிக்கும். சில ஸ்மார்ட் போர்டுகள் விண்டோஸுக்கு என்றே செய்யப்பட்டவை. அவற்றுக்கு வழி தேட நேரமாகும். அலுவலக அறையில் சம்பளப் பட்டியல் போடும் கணினியை முதல் நாளே தொடாதீர்கள். கணினி அறையிலிருந்து தொடங்குவோம். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி பத்தாண்டு பாடுபட்டு லினக்ஸுக்கு மாறிவிட்டு, தலைமை மாறியதும் 2017-இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது என்பதையும் மறைக்க வேண்டாம். அதைப் படித்தவர்கள் நம்மிடம் கேட்பார்கள். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபிஸுக்கு மாற்ற முடிவெடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"கம்பெனியில் விண்டோஸ்தானே கேட்பார்கள், பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?" இந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகள் பட்டியலில் 2017 நவம்பர் முதல் ஐந்நூறும் லினக்ஸ்தான் என்று சொல்லுங்கள். மென்பொருள் நிறுவனங்களின் சர்வர்களில் வேலைக்குப் போகிறவர் லினக்ஸ் தெரியாமல் வாசலைத் தாண்ட முடியாது என்று சொல்லுங்கள். காரைக்காலில் இன்னொன்றும் சொல்லலாம். சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைவீரராகப் போய்ப் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கிய தாத்தாக்கள் நம் தெருக்களில் உண்டு. அந்தப் பிரான்சின் காவல் படையான ஜாந்தார்மெரி 2005-இல் ஓப்பன் ஆபிஸுக்கும், 2008 முதல் உபுண்டுவுக்கும் மாறத் தொடங்கியது. பல்லாயிரம் கணினிகள் இன்றும் அதில் ஓடுகின்றன. ஒரு நாட்டின் காவல் படையை நடத்தும் மென்பொருள் நம் பள்ளியின் கணினி அறையை நடத்தாதா?

இனி வேலை.

ஆசிரியத் தோழர்களே, முதலில் உங்களிடம்தான் வருகிறேன். உங்கள் மேல் இன்னொரு சுமை ஏற்றுகிறோம் என்று நினைக்காதீர்கள். கணக்கெடுப்பு, தேர்தல் பணி, மாணவர் விவரப் பதிவு என்று ஏற்கெனவே முதுகு ஒடிந்திருப்பது தெரியும். நாங்கள் கேட்பது ஒரு சனிக்கிழமை. ஒரே ஒரு கணினியில் லினக்ஸை ஏற்றிப் பாருங்கள், அதுவும் உள்ளே இருப்பதை அழிக்காமல், பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு. ஜியோஜீப்ராவில் ஒரு வட்டத்தை இழுத்துக் காட்டுங்கள், ஸ்டெல்லேரியத்தில் அம்பகரத்தூரின் இன்றைய இரவு வானத்தைக் காட்டுங்கள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். தமிழில் வழிகாட்டி வேண்டுமென்றால் 2012 முதல் வெளிவரும் கணியம் இதழின் 'எளிய தமிழில்' நூல்கள் இருக்கின்றன. காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், அச்செடுத்தும் கொடுக்கலாம்.

திருவேட்டக்குடி என்.ஐ.டி.யில், வரிச்சிக்குடி பாலிடெக்னிக்கில், நெடுங்காடு பொறியியல் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் பலர் இதே அரசுப் பள்ளி பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஹாஸ்டலில் இரவு முழுக்க உபுண்டு ஏற்றி, கெடுத்து, மறுபடி ஏற்றிப் பழகியவர்கள். அந்தக் கை நமக்கு வேண்டும். ஆளுக்கு ஒரு பள்ளி எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றிவிட்டு ஓடிவிடாதீர்கள், மாதம் ஒருமுறை போய் நில்லுங்கள். ஒரு கணினி நின்றுபோய் ஒரு வாரம் யாரும் வராவிட்டால் "பழசே நல்லாருந்துச்சு" என்ற பேச்சு எழும், அதன் பிறகு நாம் எத்தனை கூட்டம் போட்டாலும் பயனில்லை.

தாய்மார்களே, அக்காமார்களே, உங்கள் கையில் சட்டமே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்த உறுப்பினரில் பாதி பெண்கள். பள்ளிக்கு வரும் பணம் எதற்குச் செலவாகிறது என்று கேட்பது அந்தக் குழுவின் வேலை. நம் கொம்யூன் பஞ்சாயத்துக்கு 2006-இல் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது, பிறகு தேர்ந்தெடுத்த உறுப்பினரே இல்லாமல் இருக்கிறோம். ஓட்டுப் போட்டு அனுப்பிய வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில், நீங்கள் உட்காரும் அந்தக் குழுதான் நமக்கு மிஞ்சியிருக்கும் மன்றம். அடுத்த கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். "புதுக் கணினி வாங்கும் முன் பழையதில் லினக்ஸ் ஏற்றிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுப்பில் வந்திருக்கும் தோழர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினியைக் கொடுங்கள். 4 ஜி.பி. மெமரி இருந்தால் போதும், 2 ஜி.பி. என்றாலும் லேசான பதிப்புகள் உண்டு.

சங்கத் தோழர்களுக்கு ஒரு வேலை தனியாக. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். காரைக்கால் மாவட்ட அரசுப் பள்ளிகளில் எத்தனை கணினி, எந்த ஆண்டு வாங்கியவை, எந்த இயங்குதளம், மென்பொருள் உரிமத்துக்கு எவ்வளவு கொடுத்தோம், கண்டம் செய்யப் பட்டியலில் எத்தனை. ஐந்தே கேள்வி. 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் கைக்கு வந்தால் கல்வித்துறை அலுவலகத்தின் முன் நாம் வெறும் குரலோடு நிற்க வேண்டியிருக்காது.

யாராவது உங்களிடம் வேறொரு யோசனை சொல்லலாம்: வெளிநாட்டு நிறுவனம் வேண்டாம், உள்நாட்டு நிறுவனத்தின் மென்பொருளை வாங்கிக்கொள்ளலாம் என்று. உள்நாட்டில் வேலை பெருகட்டும், மகிழ்ச்சி. ஆனால் நிரலைத் திறந்து காட்டாத மென்பொருள் யார் செய்தாலும் பள்ளிக்கூடத்துக்கு ஆகாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வருகிற சனிக்கிழமை காலை கும்பகோணம் சாலையில் அம்பகரத்தூர் பத்ரகாளியம்மன் கோயில் நிறுத்தத்தில் இறங்குங்கள், அங்கிருந்து சேர்ந்தே நடப்போம். அந்த 10 கணினிகளில் நான்கையாவது அன்று மாலைக்குள் ஓடவிட வேண்டும். ஆசிரியை சாவியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏழாம் வகுப்புப் பிள்ளையையும் வரச்சொல்லியிருக்கிறேன். ஆளுக்கொரு பென் டிரைவ் கொண்டுவாருங்கள், 8 ஜி.பி. இருந்தால் போதும்.